டெலவேர் ஒரு மாநிலமா, தபால் பெட்டியா?

2025 பிப்ரவரி 20 (கேள்வி)

நான் வேலை பார்த்த கம்பெனிகளில் பாதிக்கு மேல் காகிதத்தில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலக் கம்பெனிகள். அந்த ஊருக்குப் போய்வந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. என் கணக்கில் டெலவேர் என்பது மாநிலம் இல்லை, வரி ஏய்ப்பதற்காக வைத்திருக்கும் தபால் பெட்டி. அங்கே குடியிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

பிப்ரவரி 20, இரவு

குடியிருக்கிறவன்தான் சொல்கிறேன். இங்கே பத்து லட்சம் பேர் இருக்கிறோம். வடக்கு தெற்காக 154 கிலோமீட்டர், அகலம் சில இடங்களில் 14 கிலோமீட்டர்தான். மூன்றே மூன்று கவுண்டிகள் (மாவட்டங்கள் மாதிரி): வடக்கே நியூ கேசில், நடுவில் கென்ட், தெற்கே சசெக்ஸ். 1787 டிசம்பர் 7 அன்று அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு முதலில் ஒப்புதல் கொடுத்த மாநிலம் இது. அந்தப் பெருமை இன்றும் எங்கள் கார் நம்பர் பிளேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தபால் பெட்டி விஷயம் பொய் இல்லை. எங்கள் பெரிய ஊரான வில்மிங்டனில் 1209, நார்த் ஆரஞ்ச் தெரு என்று ஒரு கட்டடம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நடக்கும்போது அதைத் தாண்டித்தான் போவேன். உயரமில்லாத, பார்த்தால் மறந்துவிடக்கூடிய கட்டடம். 2012 வாக்கில் வந்த செய்திகளின்படி 2,85,000 நிறுவனங்களுக்கு அதுதான் சட்டப்படியான முகவரி. மாநிலத்துக்குள் ஒரு பதிவு ஏஜென்ட் இருக்க வேண்டும் என்பது விதி. யாராவது வழக்குப் போட்டால் சம்மனை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே மர்மம் ஒன்றும் இல்லை.

ஆனால் "வரி ஏய்ப்பதற்காக" என்பது பெரும்பாலும் தவறு. டெலவேரில் பதிவு செய்தாலும் மத்திய அரசின் வருமான வரி அப்படியே இருக்கிறது. கலிபோர்னியாவில் வியாபாரம் செய்தால் கலிபோர்னியாவுக்கும் கட்டித்தான் ஆக வேண்டும். காப்புரிமை, வணிகச் சின்னம் போன்றவற்றை இங்கே ஒரு துணைக் கம்பெனியின் பெயரில் வைத்து, மற்ற மாநிலங்களின் வரியைக் குறைக்கிற வித்தை ஒன்று உண்டு. பல மாநிலங்கள் அதை அடைத்துவிட்டன. எல்எல்சி (முதலாளியின் பொறுப்பை ஒரு வரம்புக்குள் வைக்கிற நிறுவன வகை) தொடங்கினால் முதலாளி யார் என்று மாநிலத்திடம் சொல்ல வேண்டியதில்லை என்பதும் உண்மை. அது எனக்குப் பிடிக்காத விஷயம், மழுப்பப் போவதில்லை.

பெரிய கம்பெனிகள் இங்கே வருவது ஒரு நீதிமன்றத்துக்காக. சான்சரி நீதிமன்றம், 1792இல் ஏற்பட்டது. ஜூரி கிடையாது. கம்பெனி வழக்குகளிலேயே ஊறிய நீதிபதிகள் கேட்டு, காரணத்தோடு எழுத்தில் தீர்ப்புச் சொல்வார்கள், அதுவும் சீக்கிரம். ஒரு நூற்றாண்டுத் தீர்ப்புகள் குவிந்து கிடப்பதால் "இப்படிச் செய்தால் கோர்ட் என்ன சொல்லும்" என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். அந்த நிச்சயத்துக்குத்தான் காசு.

பிப்ரவரி 21

கம்பெனிகளைப் பதிவு செய்யும் இந்த வியாபாரம் முதலில் நியூ ஜெர்சியுடையது. அவர்களுடைய தாராளமான கம்பெனிச் சட்டத்தைப் பார்த்துத்தான் டெலவேர் 1899இல் தன் சட்டத்தை எழுதியது. பதினாலு வருஷம் இரண்டாவது கடையாகவே உட்கார்ந்திருந்தது. 1913இல் நியூ ஜெர்சி ஆளுநராக இருந்த உட்ரோ வில்சன், ஜனாதிபதியாகப் போவதற்கு முன்னால் ஏகபோகங்களுக்கு எதிராக ஏழு சட்டங்களை நிறைவேற்றிவிட்டுப் போனார். கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டின. பின்னால் நியூ ஜெர்சி மனசு மாறியும் போனவர்கள் திரும்பவில்லை. (வில்சனுக்கு இங்கே ஒரு சிலை வைத்தால் தப்பில்லை.)

பிப்ரவரி 21, சற்று நேரம் கழித்து

ஃபிரான்சைஸ் வரி (கம்பெனி இங்கே பதிவாகி இருப்பதற்காக வருஷா வருஷம் கட்டுவது) பற்றிக் கேட்டவருக்கு: கடைசி நாளான மார்ச் 1 நெருங்குகிறது, அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகன், முதலீட்டாளர் கேட்டார் என்று இங்கே ஒரு கம்பெனி பதிவு செய்தான். வருமானம் பூஜ்யம். ஒருநாள் ராத்திரி போன் வந்தது: "அண்ணா, 85,165 டாலர் கட்டச் சொல்லுது!"

கம்பெனி வெளியிடலாம் என்று அனுமதித்த பங்குகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு அது. முதல் 10,000 பங்குக்கு 250 டாலர், அதன்பிறகு ஒவ்வொரு 10,000க்கும் 85. வக்கீல் வழக்கம்போல ஒரு கோடிப் பங்கு என்று எழுதியிருந்தார், அதனால் வந்த தொகை. சட்டத்திலேயே இரண்டாவது கணக்கு ஒன்று இருக்கிறது, கம்பெனியின் சொத்து மதிப்பை வைத்துப் போடுவது. அதில் அவனுக்கு வந்தது குறைந்தபட்சத் தொகை, 400 டாலர். எந்தக் கணக்கில் குறைவோ அதைக் கட்டலாம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் உலகம் பூராவும் எத்தனை பேர் இப்படிப் பதறுகிறார்களோ!

உச்சவரம்பும் உண்டு. சாதாரணக் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர், பங்குச்சந்தையில் இருக்கும் மிகப் பெரிய கம்பெனிகளுக்கு இரண்டரை லட்சம். அவர்களுக்கு அது டீ செலவு.

பிப்ரவரி 23

"1899க்கு முன்னால் அந்த ஊரில் என்ன இருந்தது, காடா?" என்று மேலே ஒரு கிண்டல். காடு மட்டும் இல்லை. லெனாபே என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். 1631இல் டச்சுக்காரர்கள் இன்றைய லூயிஸ் ஊரில் ஒரு குடியிருப்பு வைத்தார்கள். அது சீக்கிரமே அழிந்தது. 1638இல் ஸ்வீடன்காரர்கள் இன்றைய வில்மிங்டனில் கிறிஸ்டினா கோட்டை கட்டினார்கள். 1655இல் அதை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1664இல் எல்லாவற்றையும் இங்கிலாந்து பிடித்தது. 1682இல் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் கைக்கு வந்தது. பென்சில்வேனியாவோடு சேர்ந்து குப்பை கொட்ட முடியாமல் 1704இல் தனிச் சட்டசபை. 1776 ஜூன் 15 அன்று ஒரே மூச்சில் பிரிட்டனிடமிருந்தும் பென்சில்வேனியாவிடமிருந்தும் விலகல்.

வரைபடத்தில் வட எல்லையைப் பாருங்கள். மற்ற மாநிலங்களுக்கெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவர்கள் இங்கே காம்பஸ் வைத்திருக்கிறார்கள். நியூ கேசில் ஊர் நீதிமன்றக் கட்டடத்தை மையமாக வைத்து 12 மைல் வட்டம். அந்த வட்டத்துக்குள் டெலவேர் ஆறு முழுக்க எங்களுடையது, நியூ ஜெர்சிக் கரையில் நீர் வற்றி நிற்கும் கோடு வரை. நியூ ஜெர்சி வழக்குப் போட்டது, 1934இல் உச்சநீதிமன்றம் எங்கள் பக்கம் சொல்லிவிட்டது. அக்கரையில் நின்று காலை நனைத்தால் டெலவேருக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இந்த வட்டத்துக்குக் கதையில் பிறகு வேலை இருக்கிறது.

மார்ச் 1

இன்று சசெக்ஸ் பக்கம் போய்வந்தேன். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் வேறு மாநிலம். செசபீக் விரிகுடாவையும் டெலவேர் ஆற்றையும் இணைக்கிற அந்தக் கால்வாய் 1829இல் வெட்டி முடித்தது. இங்கே எல்லாவற்றையும் கால்வாய்க்கு மேலே, கீழே என்றுதான் பேசுவோம். மேலே வங்கி, வக்கீல், பல்கலைக்கழகம். கீழே சோளம், சோயா, கோழி. காரின் கண்ணாடியை இறக்கினால் கோழி எரு வாசனை சொல்லிவிடும்.

அமெரிக்கா பூராவிலும் மிக அதிகம் பிராய்லர் வளர்க்கும் கவுண்டி சசெக்ஸ்தான். தொடங்கியது ஒரு தபால் குளறுபடியில். 1923இல் ஓஷன் வியூ ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண், முட்டைக்காக 50 குஞ்சு கேட்டு எழுதினார். வந்தது 500. திருப்பி அனுப்பாமல் ஒரு கொட்டகை போட்டு வளர்த்தார். 387 பிழைத்தன. பவுண்டு 62 சென்ட் வீதம் கறிக்கு விற்றார். அதுவரை கோழிக்கறி என்பது முட்டையிடுவதை நிறுத்திய கிழட்டுக் கோழியும் உபரிச் சேவலும்தான். கறிக்கென்றே வளர்த்தால் லாபம் என்று பார்த்ததும் அடுத்த வருஷம் ஆயிரம் குஞ்சு வாங்கினார். 1926இல் 10,000 கோழிக்கு இடம் இருந்தது. கடலோரக் காவல் வேலையில் இருந்த கணவர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். அந்த முதல் கொட்டகை இப்போது தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. கோழிக் கொட்டகைக்கு அந்த மரியாதை வேறெங்கே கிடைக்கும்?

அதிர்ஷ்டம் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். டி. கோல்மன் டு பான்ட் என்ற பணக்காரர் தன் கைக்காசில் மாநிலத்தின் தென்கோடியிலிருந்து வடக்கே ஒரு நெடுஞ்சாலை போட ஆரம்பித்திருந்தார். 1924இல் வேலை முடிந்தது. கோழி பெருகவும் ரோடு தயாராகவும் சரியாக இருந்தது. லாரி நேரே பிலடெல்பியா, நியூயார்க்.

இன்றைய ஏற்பாடு அவ்வளவு இனிப்பானது இல்லை. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, கோழியும் கம்பெனியுடையது. கொட்டகையும் அதன்மேல் உள்ள வங்கிக் கடனும் விவசாயியுடையவை. வெட்டிச் சுத்தம் செய்யும் ஆலைகளில் 1990களிலிருந்து குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஜார்ஜ்டவுனில் இன்று மதியம் நான் சாப்பிட்ட கடையில் மெனு முழுக்க ஸ்பானிஷ். சாப்பாடு பிரமாதம்.

மார்ச் 2

ஜார்ஜ்டவுன் என்றதும் ஞாபகம் வந்தது. தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் அங்கே "ரிட்டர்ன் டே". ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே குதிரை வண்டியில் ஊர்வலம் வருவார்கள். சண்டை முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கட்சித் தலைவர்கள் சேர்ந்து ஒரு கோடாரியை மணலில் புதைப்பார்கள். அப்புறம் மாட்டிறைச்சி சாண்ட்விச். முதல் தடவை பார்த்தபோது நெகிழ்ந்துபோனேன். இப்போது, இவர்கள் எப்போதுமே ஒரே வண்டியில்தானே போகிறார்கள் என்று தோன்றுகிறது. சட்டசபையில் மொத்தம் 62 பேர், கீழவையில் 41, மேலவையில் 21. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இதற்கு "டெலவேர் வே" என்று பெருமையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 4

டு பான்ட் இல்லாமல் இந்த ஊர்க் கதையைச் சொல்லவே முடியாது. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த குடும்பம். பிரெஞ்சு வேதியியலாளர் லாவோசியேவிடம் வெடிமருந்து வேலை கற்ற எலூத்தேர் இரெனே டு பான்ட் 1802இல் பிராண்டிவைன் ஓடைக் கரையில் கருமருந்து ஆலை தொடங்கினார். அந்த இடம் இப்போது ஹாக்லி அருங்காட்சியகம். குழந்தைகளோடு போகத் தோதான இடம். ஆலைக் கட்டடங்களுக்கு மூன்று பக்கம் தடித்த கல்சுவர், ஓடையைப் பார்த்த நான்காவது பக்கம் மட்டும் லேசான மரம். வெடித்தால் எல்லாம் ஓடைப் பக்கம் பறந்துவிட வேண்டும், பக்கத்துக் கட்டடம் தப்ப வேண்டும். உள்ளே இருந்தவனைப் பற்றிக் கணக்கு இல்லை. யாராவது செத்தால் "ஓடையைத் தாண்டிவிட்டான்" என்பார்களாம்.

அங்கிருந்து ரசாயனம். 1935இல் டு பான்ட் வேதியியலாளர் வாலஸ் கேரத்தர்ஸ் வில்மிங்டன் ஆய்வுக்கூடத்தில் நைலான் செய்தார். 1939இல் சசெக்ஸின் சீஃபோர்டில் உலகின் முதல் நைலான் ஆலை. 1940 மே 15 அன்று நாடு முழுக்க நைலான் காலுறை விற்பனைக்கு வந்தது. கோழிக் கவுண்டிக்குள் ஆலைச் சம்பளம் வந்தது அப்படித்தான். 2004இல் அந்த ஆலையை விற்றுவிட்டார்கள். 2017இல் டவ் கம்பெனியோடு சேர்ந்து, 2019க்குள் மூன்றாகப் பிரிந்து, டு பான்ட் இப்போது ஒரு பேராக மிஞ்சியிருக்கிறது. இங்கே வயசானவர்கள் இன்னமும் "தி கம்பெனி" என்றால் அதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது வட்டத்துக்கு வருகிறேன். டு பான்டில் 26 வருஷம் இருந்த வேதியியலாளர் ரஸ்ஸல் பீட்டர்சன் 1969இல் ஆளுநர் ஆனார். ஷெல் எண்ணெய்க் கம்பெனி ஆற்றங்கரையில் சுத்திகரிப்பு ஆலை கட்ட நிலம் வாங்கி வைத்திருந்தது. 1971 ஜூனில் பீட்டர்சன் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: கடலோரத்தில் புதிய கனரகத் தொழிற்சாலையே கூடாது. அவரும் குடியரசுக் கட்சி, மேலே நிக்சன் அரசும் அதே கட்சி, வாஷிங்டனிலிருந்து எதிர்ப்பு வந்தது. மனிதர் மசியவில்லை. "டு ஹெல் வித் ஷெல்" (ஷெல் நாசமாய்ப் போகட்டும்) என்று மக்கள் பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

அப்புறம் 2000களில் பிபி எண்ணெய்க் கம்பெனி நியூ ஜெர்சிக் கரையில் எரிவாயு முனையம் கட்டப் பார்த்தது. கப்பல் நிற்கும் பாலம் ஆற்றுக்குள் வர வேண்டும். ஆறு யாருடையது? 12 மைல் வட்டம்! டெலவேர் 1971 சட்டத்தைக் காட்டி அனுமதி மறுத்தது. 2008இல் உச்சநீதிமன்றமும் டெலவேருக்கே சொன்னது. முனையம் வரவில்லை. 2017இல் பழைய ஆலைகள் இருந்த 14 இடங்களுக்கு அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள், மற்ற கடற்கரைக்கு அது இன்றும் நிற்கிறது. தபால் பெட்டி இதையெல்லாம் செய்யுமா?

மார்ச் 9

"வடக்கா, தெற்கா?" என்று கேட்டவருக்கு நேர்ப் பதில் கிடையாது. அடிமை முறை இருந்த மாநிலம், ஆனால் உள்நாட்டுப் போரின்போது ஒன்றியத்தை விட்டுப் போகவில்லை. 1860இல் அடிமைகள் 1,798 பேர். சுதந்திரக் கறுப்பர்கள் ஏறக்குறைய 20,000. இவ்வளவு குறைவாக இருக்கிறதே, பணம் கொடுத்து விடுவித்துவிடலாம் என்று லிங்கன் 1861இல் இங்கேதான் முயன்றார். சட்டசபையில் ஓட்டுத் தேறவில்லை. அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தை 1865இல் நிராகரித்தார்கள். ஒப்புக்கொண்டது 1901இல். குற்றவாளியைக் கம்பத்தில் கட்டிச் சவுக்கால் அடிக்கிற தண்டனை கடைசியாக நடந்தது 1952இல்.

அதே 1952இல், அதே சான்சரி நீதிமன்றம். ஹாக்கெசின் ஊரில் சாரா புலா என்ற தாய், வெள்ளைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசல் வழியே போகும் பள்ளிப் பேருந்தில் தன் மகளையும் ஏற்றச் சொல்லிக் கேட்டார், மறுத்தார்கள். லூயிஸ் ரெடிங் என்ற கறுப்பின வக்கீல் வழக்கை எடுத்தார். பேருந்துக்காக வாதாட மாட்டேன், பள்ளியிலேயே சேர்க்கச் சொல்லி வாதாடுகிறேன் என்பது அவர் நிபந்தனை. காலின்ஸ் சைட்ஸ் என்ற நீதிபதி பள்ளியை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வெள்ளையர் பள்ளியில் உடனே சேர்க்க உத்தரவிட்டார். பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்ன 1954இன் பிரவுன் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில், கீழ்க் கோர்ட்டிலேயே கறுப்பினப் பெற்றோர் ஜெயித்தது டெலவேரில் மட்டும்தான். நான் கும்பிடப் போகும் மகாலட்சுமி கோவில் இருப்பதும் அதே ஹாக்கெசினில். புலாவின் மகள் படித்த பழைய பள்ளிக் கட்டடமும் அங்கேயே இருக்கிறது, 1920இல் பியர் டு பான்ட் பணத்தில் கட்டியது. இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் அந்தக் குடும்பம்.

முதல் இரவு சான்சரியைப் பற்றி எழுதியபோது காசுக் கணக்காகவே எழுதினேன். பங்குதாரர் சண்டையைத் தீர்க்கிற அதே அதிகாரம் ஒரு பேருந்துச் சண்டையை இங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. இதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மார்ச் 15

என் பிழைப்புக் கதை: கிரெடிட் கார்டு. 1978இல் உச்சநீதிமன்றம், வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வட்டி விகிதத்தையே நாடு முழுக்க வசூலிக்கலாம் என்றது. சிட்டிபேங்க் தெற்கு டகோட்டாவுக்குப் போய்விட்டது. 1981 பிப்ரவரியில் ஆளுநர் பீட் டு பான்ட் (ஆம், அதே குடும்பம்) ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வட்டிக்கு உச்சவரம்பு கிடையாது. வங்கியின் லாபம் பெருகப் பெருக வரி விகிதம் குறையும். பதிலுக்கு 100 பேருக்காவது வேலை கொடுக்க வேண்டும். நியூயார்க் வங்கிகளுக்கு இந்த மசோதாவில் கை இருந்தது என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின.

எம்பிஎன்ஏ என்ற வங்கி 1982இல் நூவார்க் பக்கம் ஒரு பழைய சூப்பர் மார்க்கெட் கட்டடத்தில் தொடங்கியது. கார்டு வியாபாரத்தில் உலக அளவில் வளர்ந்து, 2006 தொடக்கத்தில் பாங்க் ஆஃப் அமெரிக்காவோடு கரைந்தது. கிரைஸ்லர் கார் ஆலை 2008இல் மூடியது, ஜிஎம் ஆலை 2009இல். இப்போது ஒன்று பல்கலைக்கழக வளாகம், மற்றது அமேசான் கிடங்கு. இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசி வில்மிங்டன் வங்கிகளின் ஐடி வேலைக்கு வந்தவர்கள்தான், என்னையும் சேர்த்து. வீடும் பிள்ளைகள் படிப்பும் யாரோ ஓஹையோவில் கட்டுகிற 24 சதவீத வட்டியில்தான் வந்தது என்று எப்போதாவது உறைக்கும். மறுநாள் வேலைக்குப் போய்விடுவேன்.

மார்ச் 26

டெலவேரின் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தும் மசோதா நேற்று இரவு சட்டமாகிவிட்டது. பின்கதை தெரியாதவர்களுக்கு: 2024 ஜனவரியில் சான்சரியின் தலைமை நீதிபதி கேத்லீன் மெக்கார்மிக், ஈலான் மஸ்க்குக்கு டெஸ்லா கொடுத்த 55.8 பில்லியன் டாலர் சம்பளத் திட்டத்தை ரத்து செய்தார். மஸ்க் கோபித்துக்கொண்டு டெஸ்லாவை டெக்சாஸில் பதிந்தார். வேறு சிலரும் கிளம்பும் பேச்சு வந்தது. பிப்ரவரி 17 அன்று மசோதா அறிமுகம், மார்ச் 25 அன்று ஆளுநர் மேட் மேயர் கையெழுத்து. கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் பெரிய பங்குதாரர் செய்யும் பேரங்களை நீதிபதி துருவிப் பார்ப்பது இனி கடினம். சாதாரணப் பங்குதாரர் கேட்டு வாங்கக்கூடிய ஆவணங்களும் சுருங்கிவிட்டன. வழக்கமாக வக்கீல் சங்கத்தின் குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்தம் எழுதும், இந்தத் தடவை அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏன் இந்த அவசரம்? மாநில வரவில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் கம்பெனிகள் கட்டும் வரியும் கட்டணமும். கேட்பாரற்ற பணம் இன்னொரு பெரிய வரவு, உரியவர் கேட்காத, அவர் முகவரியும் தெரியாத கணக்குகள் கம்பெனி பதிவான மாநிலத்துக்கு வருகிற ஏற்பாடு. அதிலும் மணிகிராம் என்ற பணம் அனுப்பும் கம்பெனியின் மணிஆர்டர் போன்ற காசோலைகள் எங்களுக்கு இல்லை என்று 2023இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கு விற்பனை வரி கிடையாது. கம்பெனிகள் போனால் அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்று 62 பேரும் பயந்திருக்கிறார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. முதல் நாள் நான் சொன்ன "நிச்சயம்" என்ற சரக்கை நம்பித்தான் பங்குதாரர் இங்கே வந்தார். ஒரு பெரிய வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டால் ஐந்து வாரத்தில் சட்டம் மாறும் என்றால், சின்னப் பங்குதாரருக்கு அந்த நிச்சயம் எங்கே? ஷெல்லுக்கு முடியாது என்று சொன்னதும் இதே அளவுச் சட்டசபைதான். அன்றைக்கு வரவில் ஷெல் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஏப்ரல் 6

நியூ ஜெர்சியிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. எங்களைப் பார்க்க என்று சொன்னார்கள். நேரே கிறிஸ்டியானா மாலில் போய் ஒரு லேப்டாப், இரண்டு ஐபோன். பார்க்கிங்கில் பென்சில்வேனியா, மேரிலாந்து நம்பர் பிளேட்டுகளுக்கு நடுவே என் வண்டியைத் தேட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருக்கிறார்: தபால் பெட்டி என்பதை வாபஸ் வாங்க மாட்டேன், ஆனால் நான் டெக்சாஸில் கடை போடுகிறேன், டெலவேரில் பதியலாமா? சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானபோது அதுவும் டெலவேர் கம்பெனிதானே என்கிறார்.

அவர்களுக்கு அமெரிக்க முதலீட்டாளர்கள் இருந்தார்கள். அந்த முதலீட்டாளர்களின் வக்கீல்களுக்கு டெலவேர்ச் சட்டம்தான் பழக்கம். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை, டெக்சாஸில் ஒரே ஒரு கடை என்றால் வேண்டாம். இங்கே எல்எல்சிக்கு வருஷம் 300 டாலர், ஏஜென்டுக்குத் தனிக் காசு, டெக்சாஸிலும் வெளிமாநிலக் கம்பெனி என்று இன்னொரு தடவை பதிய வேண்டும். டெக்சாஸிலேயே பதியுங்கள். முதலீட்டாளர் வந்து கேட்டால் அப்போது மாற்றிக்கொள்ளலாம், ஒரு கோடிப் பங்கு போடும்போது அந்த இரண்டாவது கணக்கை மட்டும் மறக்காதீர்கள்.